ஜின் பாட்டிலை மாட்டிக்கொண்ட விளக்கு: ஒரு மாணவர் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமேஷன் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் படம் ஒன்று உண்டு. ஜான் லாசெட்டர் மாணவராக இருந்தபோது பென்சிலில் வரைந்தது. பெயர் பிடிபடவில்லை என்றால், 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’யை இயக்கியவர் என்று சொன்னால் போதும். இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எந்தப் படம் இது? கதை என்ன?

‘லேடி அண்ட் த லாம்ப்’. வருடம் 1979. கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ நான்கு நிமிடம். ஒரு விளக்குக் கடை, அதை நடத்தும் ஒரு பெண்மணி, கடை நிறைய விளக்குகள். அவற்றில் ஒன்றுக்குத் தடுமாற்றம் கொஞ்சம் அதிகம். அதன் பல்பு உடைந்துவிடுகிறது. வேறு பல்பு மாட்டிக்கொள்ளப் போன இடத்தில், தவறுதலாக ஒரு ஜின் பாட்டிலை (ஜின் என்பது ஒரு மது வகை) எடுத்து மாட்டிக்கொள்கிறது. அப்புறம் கடை கடையாகவா இருக்கும்? போதை ஏறிய விளக்கு எல்லாவற்றையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறது.

வாயால் சொன்னால் அரை நிமிடக் கதை. ஆனால் அந்த ஜின் பாட்டில் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு விளக்குக்குப் போதை ஏற வேண்டும். அதற்கு வாயா இருக்கிறது, வயிறா இருக்கிறது? வேறு யாராவது எழுதியிருந்தால் விளக்குக்கு ஒரு வாயை வரைந்து, கையில் கோப்பையைக் கொடுத்திருப்பார்கள். இங்கே விளக்கின் உடம்பே வழி சொல்லிவிடுகிறது. பல்பைக் கழற்றி மாட்டலாம். பல்பு மாட்டும் இடத்தில் பாட்டில் கழுத்தும் நுழையும். பல்பு இருக்கும் இடம்தான் விளக்குக்குத் தலை. தலையில் சரக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் படத்தை நான் இத்தனை பேருக்குச் சொல்வதற்கு அந்த ஒரு யோசனைதான் காரணம். நாற்காலியையோ குடையையோ வைத்து இதே நகைச்சுவையைச் செய்ய முடியாது. விளக்குக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பற்றிய படமா?

இல்லை. கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வருவது இயல்புதான். தலைப்பு 1955இல் டிஸ்னி வெளியிட்ட ‘லேடி அண்ட் த டிராம்ப்’ என்ற நாய்க் கதையின் பெயரை எதுகையில் மாற்றிப் போட்டதுபோல் இருக்கிறது. டிராம்ப், லாம்ப். மாணவர் குறும்பு.

எங்கே படித்துக்கொண்டிருந்தார்?

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே வேலன்சியா என்ற ஊரில் இருக்கும் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில். வால்ட் டிஸ்னி முன்னின்று, ஓர் ஓவியப் பள்ளியையும் ஓர் இசைப் பள்ளியையும் 1961இல் ஒன்றாக இணைத்து உருவாக்கிய கல்லூரி அது. 1975இல் அங்கே பாத்திர அனிமேஷனுக்கென்று தனிப் படிப்பு தொடங்கினார்கள். பின்னணியில் டிஸ்னி நிறுவனம் இருந்தது. 1930களில் வேலைக்குச் சேர்ந்த மூத்த கலைஞர்கள் எல்லாரும் ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வித்தை அவர்களோடு போய்விடுமோ என்ற கவலை.

அந்தப் படிப்பில் முதலில் இடம் கிடைத்தது ஜெர்ரி ரீஸுக்கு, இரண்டாவது லாசெட்டருக்கு. ஜெர்ரி ரீஸ் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அந்த வருடங்களில் உடன் படித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் யாரோ கதை விடுவதுபோல் இருக்கும்: பிராட் பேர்ட், ஜான் மஸ்கர், டிம் பர்ட்டன், ஹென்றி செலிக். எல்லாருமே பின்னால் பெயர் பெற்ற இயக்குநர்கள். ஜன்னல்கூட இல்லாத ஏ113 என்ற வகுப்பறையில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பின்னால் இவர்கள் எடுத்த படங்களில் கார் நம்பர் பிளேட்டிலும் கதவிலும் ‘ஏ113’ என்று எழுதி ஒளித்து வைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

லாசெட்டர் வளர்ந்தது விட்டியர் என்ற ஊரில். அவருடைய அம்மா உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியை. அப்பா ஷெவர்லே கார் விற்பனை நிலையத்தில் உதிரிபாகப் பிரிவின் மேலாளர். பொருள்கள் மேல் இவருக்கு இருந்த ஈர்ப்புக்கு இரண்டு பக்கமும் விதை இருந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான்கு நிமிடப் படத்துக்கு எத்தனை ஓவியம் வரைய வேண்டும்?

பொதுக் கணக்கு ஒன்று சொல்கிறேன். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். ஆக நொடிக்கு 12 ஓவியம். நான்கு நிமிடம் என்றால் 240 நொடி, 2,880 ஓவியம். ஒரு காட்சியில் இரண்டு பாத்திரம் அசைந்தால் தனித்தனித் தாள், அப்போது இன்னும் ஏறும். கிறுக்கிப் பார்த்துக் கிழித்துப் போட்டவை இந்தக் கணக்கில் வராது.

முதலில் கீ டிராயிங் (அசைவின் முக்கியமான நிலைகள்), நடுவில் இன்பிட்வீன் (அந்த நிலைகளுக்கு இடைப்பட்ட ஓவியங்கள்), தாள்களைத் துளையில் கோத்து லைட் பாக்ஸ் என்ற ஒளிப்பெட்டி மேல் வைத்துப் புரட்டிப் பார்ப்பது, பிறகு ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்துப் படம் பிடிப்பது. வண்ணம் தீட்டி செல்லுலாய்டு தாளுக்கு மாற்றுவதற்கு மாணவரிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து மாணவர் படங்கள் பெரும்பாலும் பென்சில் கோட்டோடு நின்றுவிடுகின்றன. அதில் ஒரு லாபமும் உண்டு. கை நடுங்கிய இடம், அழித்து எழுதிய இடம் எல்லாம் அப்படியே தெரியும். கற்றுக்கொள்கிறவருக்கு மெருகேற்றிய படத்தைவிட இதுதான் உதவும்.

பொருள்களுக்கு உயிர் கொடுப்பதை இவர்தான் தொடங்கி வைத்தாரா?

அதெல்லாம் இல்லை. 1907இல் ஸ்டூவர்ட் பிளாக்டன் என்பவர் அமெரிக்காவில் எடுத்த பேய் விடுதிப் படத்தில் கத்தி தானாகவே ரொட்டியை வெட்டும். 1908இல் ஸ்பெயின்காரரான செகுண்டோ தே சோமோனின் மின்சார விடுதிப் படத்தில் பெட்டி படுக்கை தானே நகரும். அந்தப் பொருள்கள் அசையும், அவ்வளவுதான். அவை எதையும் நினைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ அவற்றைத் தூக்கிப் போவதுபோலத்தான் இருக்கும்.

டிஸ்னி இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. 1952இல் அவர்கள் எடுத்த ஒரு சிறு படத்தில் ஒரு நீலக் கார் ஷோரூமிலிருந்து வீடு போய், கை மாறி, கிழடாகி, மறுபடி பிழைக்கும். ஒரு பொருளுக்கு முழு வாழ்க்கை வரலாறே இருக்கிறது அதில். லாசெட்டர் தலைமுறை இவற்றைப் பார்த்து வளர்ந்தது.

ஒரு பொருள் அசைவதற்கும், உயிரோடு இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டிஸ்னியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. பாதி நிரப்பிய மாவு மூட்டை. முகம் இல்லை, கை இல்லை, நான்கு மூலை மட்டும். அதை வைத்துச் சந்தோஷம், சோகம், பயம், திமிர் எல்லாம் காட்ட வேண்டும். முகத்தைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டே விஷயம்: எடையும் காலமும். மூட்டை எங்கே தொய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதில்தான் அதன் மனசு தெரியும்.

அடுத்தது, நினைப்பு முதலில், செயல் பிறகு. ஒரு பாத்திரம் கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டு, ஒரு கணம் நின்று, அப்புறம் நடந்தால் அது தானாக முடிவு எடுத்ததாக நமக்குத் தோன்றும். தலையும் உடம்பும் ஒரே நேரத்தில் கிளம்பினால் யாரோ இழுத்ததுபோல் இருக்கும். 1907ஆம் ஆண்டுக் கத்திக்கும் லாசெட்டரின் விளக்குக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு கணம்தான்.

மூன்றாவது, பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதுதான் அதன் ஆசை. கோப்பைக்கு நிரம்பியிருக்கப் பிடிக்கும். விளக்குக்கு எரியப் பிடிக்கும். பல்பு உடைந்த விளக்கு அவசரமாக வேறொன்றைத் தேடுவது, கண்ணாடி தொலைத்தவர் தட்டுத் தடவித் தேடுவது மாதிரி. அதன் கஷ்டம் நமக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு அது ஜின் பாட்டிலை எடுத்தால் சிரிப்பு வருகிறது. கஷ்டம் புரியாமல் பாட்டிலை மட்டும் பார்த்தால் சிரிப்பு வராது, குழப்பம்தான் வரும்.

பிக்சார் நிறுவனப் பெயரின் மேல் துள்ளிக் குதிக்கும் விளக்கு இதுதானா?

இல்லை. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பிக்சார்தான் ‘டாய் ஸ்டோரி’யை எடுத்த நிறுவனம். அந்தத் துள்ளும் விளக்கு 1986இல் லாசெட்டர் கணினியில் செய்த ‘லக்ஸோ ஜூனியர்’ என்ற இரண்டு நிமிடப் படத்திலிருந்து வந்தது. ஒரு பெரிய மேசை விளக்கு, பந்தோடு விளையாடும் ஒரு குட்டி விளக்கு, அவ்வளவுதான் அதில். இரண்டும் விளக்கு, இரண்டும் ஒரே ஆள். நடுவில் ஏழு வருடமும் ஒரு வேலை இழப்பும் இருக்கின்றன.

1979இல் படிப்பு முடிந்ததும் லாசெட்டருக்கு டிஸ்னியிலேயே வேலை கிடைத்தது. சிறு வயதிலிருந்து கண்ட கனவு. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் பழைய உற்சாகம் இல்லை. 1982இல் வெளிவந்த ‘டிரான்’ படத்துக்காகச் செய்திருந்த கணினிக் காட்சிகளை ஜெர்ரி ரீஸும் இன்னொரு நண்பரும் காட்டினார்கள். இவருக்கு ஒரேயடியாகக் கண் திறந்தது. டிஸ்னி அனிமேட்டர் கிளென் கீனோடு சேர்ந்து, கணினியில் பின்னணியும் கையால் வரைந்த பாத்திரமும் கலந்து ஒரு சோதனைத் துண்டு செய்தார். அப்புறம் அதே முறையில் ஒரு முழு நீளப் படம் எடுக்கலாம் என்று கிளம்பினார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் தனியாக விடப்பட்ட ஒரு டோஸ்டரும் அதன் கூட்டாளிகளான சாமான்களும். தாமஸ் டிஷ் எழுதிய குறுநாவல். அந்தக் கூட்டாளிகளில் ஒரு மேசை விளக்கும் உண்டு! இந்த மனிதரை விளக்கு விடவே இல்லை.

மேலிடத்தில் யோசனையைச் சொல்லி முடித்தபோது, என்ன செலவாகும் என்று கேட்டார்கள். கையால் வரையும் படத்துக்கு ஆவதுதான் ஆகும் என்றார். கணினியால் வேகமாகவோ மலிவாகவோ முடியாது என்றால் பிறகு எதற்கு என்று பதில் வந்தது. கூட்டம் முடிந்த சில நிமிடங்களில் வேலையும் போனது. (டோஸ்டர் படம் 1987இல் வேறொரு நிறுவனம் மூலம், முழுக்கக் கையால் வரைந்ததாக வெளிவந்தது. இயக்கியவர் ஜெர்ரி ரீஸ்.)

‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த எட் கட்மல், லாசெட்டரை அங்கே கூட்டிக்கொண்டார். 1986 பிப்ரவரியில் அந்தப் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார், பெயர் பிக்சார் ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் டாலஸ் நகரில் நடக்கவிருந்த சிக்கிராஃப் கணினி வரைகலை மாநாட்டுக்கு ஏதாவது காட்ட வேண்டும். கணினியில் உருவம் அமைக்கப் பழகுவதற்காகத் தன் மேசை மேலேயே இருந்த லக்ஸோ விளக்கை லாசெட்டர் ஏற்கெனவே மாதிரியாக எடுத்திருந்தார். சக ஊழியர் ஒருவர் தன் கைக்குழந்தையை அலுவலகத்துக்குத் தூக்கி வந்தார். தலை பெரிது, உடம்பு சின்னது. அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளக்குக்கும் குழந்தை இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குட்டி விளக்குக்குக் கம்பியைச் சுருக்கினார், குடையைச் சின்னதாக்கினார். பல்பை மட்டும் அப்படியே விட்டார். பல்பு கடையில் வாங்குவது, அது விளக்கோடு சேர்ந்து வளராது! 1979இல் பல்பைக் கழற்றிப் பாட்டிலை மாட்டியவருக்குத்தான் 1986இல் இது தோன்றும். எனவே, அந்த விளக்கு இந்த விளக்கின் முதல் வடிவமா என்று கேட்டால் நான் இல்லை என்பேன். அதே கண்ணா என்று கேட்டால் ஆமாம்.

கணினிக்கு ஏன் விளக்கு? மனிதனையோ மிருகத்தையோ செய்திருக்கலாமே?

அன்றைய கணினியால் முடியாது. தோல், முடி, துணி எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். அப்படியானால் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஆன ஒன்றையே பாத்திரமாக்கிவிட்டால் குறையே தெரியாது. டாய் ஸ்டோரியில் பொம்மைகள் கதாநாயகர்கள் ஆனதற்கும் இதே காரணம் பெரிய அளவில் இருக்கிறது. 

எல்லாரும் மிருகங்களை வரைந்துகொண்டிருந்த காலத்தில் இவர் பொருள்களை வரைந்து பழகியிருந்தார். அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற கருவி பிறகு வந்து சேர்ந்தது. முன்கூட்டியே தெரிந்து செய்தது என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லவும் மனம் வரவில்லை.

1987இல் லாசெட்டர் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார். கையால் வரையும் அனிமேஷனின் பழைய விதிகளைக் கணினியில் எப்படிக் கையாளுவது என்பது பொருள். அமுங்குவதும் நீளுவதும் அனிமேஷனின் அடிப்படை. ரப்பர் பந்து அமுங்கும், இரும்பு விளக்கு எப்படி அமுங்கும்? மூட்டு இருக்கும் பொருள் மடங்கினால் அதுதான் அமுங்கல், நிமிர்ந்தால் அதுதான் நீட்சி என்று எழுதுகிறார். குட்டி விளக்கு குதிக்கும் முன் பதுங்குவதைப் பார்த்தால் இது உடனே புரியும். உலோகம் துளிகூட நெளியவில்லை; ஆனால் உடம்பு பதுங்குகிறது.

நிஜ லக்ஸோ விளக்கே உயிர் உள்ளதுபோலத்தானே இருக்கிறது?

இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் கார்களின் சஸ்பென்ஷன் வேலை பார்த்த பொறியாளர். 1930களின் தொடக்கத்தில், ஸ்பிரிங்குகளைச் சரியாகச் சமன்படுத்தினால் ஒரு கையை எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும் என்று கண்டுபிடித்தார். அதில் பிறந்ததுதான் மடக்கு மேசை விளக்கு. நார்வேக்காரர் யாக் யாகப்சன் 1937இல் அதைத் தழுவி லக்ஸோவைச் செய்தார். நம் கையில் தசை செய்யும் வேலையை அங்கே ஸ்பிரிங் செய்கிறது. தோள், முழங்கை, கழுத்து எல்லாம் இருக்கின்றன. பாதியிலேயே நடிகர்.

விளக்கை ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா?

தமிழில் எழுதும்போது இந்தச் சங்கடம் வந்தே தீரும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் சுட்டுப்பெயரோடு போய்விடும். நமக்கு வினைமுற்று வரைக்கும் துரத்திக்கொண்டு வரும். விளக்கு வந்தது, விழுந்தது, அழுதது என்று எழுதும்போது ஒன்றும் உறுத்தாது. ‘விளக்கு வந்தான்’ என்று எழுதினால் கை நின்றுவிடும். உயர்திணை, அஃறிணை என்று நம் மொழி போட்டு வைத்திருக்கும் கோடு அப்படி.

ஆனால் அதே இலக்கணம் ஒரு சந்து விட்டிருக்கிறது. பள்ளியில் திணை வழுவமைதி என்று படித்திருப்பீர்கள். ஆசையாக வளர்க்கும் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது வழு. உவப்பினால் சொன்னதால் அமைத்துக்கொள்ளலாம். பொருள்களை வைத்துப் படம் எடுக்கிறவரின் வேலையே பார்ப்பவரை இந்த வழுவைச் செய்ய வைப்பதுதான்.

அது நடந்ததா என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. டாலஸ் மாநாட்டில் லக்ஸோ ஜூனியர் ஓடி முடிந்ததும் ஜிம் பிளின் லாசெட்டரிடம் வந்தார். கணினி வரைகலையில் பெரிய ஆள். நிழல் விழவைத்த கணக்கு முறை பற்றித்தான் கேட்கப் போகிறார், தனக்கோ அது தெரியாதே என்று லாசெட்டர் பயந்திருக்கிறார். பிளின் கேட்டது இது: பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

நான் ‘அது’ என்றுதான் எழுதுகிறேன். பேசும்போது என்னை அறியாமல் ‘பாவம், குட்டிப் பையன்’ என்று வந்துவிடுகிறது.

லேடி அண்ட் த லாம்ப் ஆஸ்கர் வாங்கியதா?

மாணவர் அகாதமி விருது வாங்கியது, 1979இல். ஆஸ்கர் கொடுக்கும் அதே அகாதமி 1973 முதல் மாணவர்களுக்கென்று தனியாகக் கொடுத்துவரும் விருது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லக்ஸோ ஜூனியர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, ஆனால் ஒரு பெல்ஜியப் படத்திடம் தோற்றது. லாசெட்டர் ஆஸ்கர் மேடை ஏறியது 1988ஆம் ஆண்டுப் படமான ‘டின் டாய்’க்காக. அதில் நாயகன் ஒரு தகரப் பொம்மை. மறுபடியும் பொருள்தான்.

வேறு மாணவர் படம் எடுத்தாரா?

எடுத்தார். ‘நைட்மேர்’. 1980இல் அதற்கும் அதே மாணவர் விருது கிடைத்தது. இரவில் விளக்கை அணைத்ததும் அறையில் பூதங்களைப் பார்த்து மிரளும் ஒரு சிறுவன். பின்னால் வந்த பிக்சாரின் பூதப் படமான ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ நினைவுக்கு வராமல் போகாது. எனக்கு அதைவிட, இங்கேயும் விளக்கு ஸ்விட்ச் ஒன்றில்தான் கதை தொங்குகிறது என்பது வேடிக்கையாக இருக்கிறது.

லாசெட்டர் மேல் புகார்கள் வந்தனவே?

வந்தன. 2017 நவம்பரில், அலுவலகத்தில் தன் அணைப்புகளும் பிற செய்கைகளும் சிலரைச் சங்கடப்படுத்தின என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, விடுப்பில் போனார். 2018 முடிவில் டிஸ்னியையும் பிக்சாரையும் விட்டு வெளியேறினார். அடுத்த மாதமே ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது பலருக்குக் கோபத்தை உண்டாக்கியது. ஒரு படத்துக்குக் குரல் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த எம்மா தாம்ஸன் அதனால் விலகினார்.

வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படம் எப்படி ஓடுகிறது என்பதைக் கற்றுக்கொள்வதற்கு, எடுத்தவரை வணங்க வேண்டிய அவசியம் இல்லை.

நானும் வீட்டுப் பொருளை வைத்து ஒரு படம் செய்யப் பார்க்கிறேன். எங்கே தொடங்குவது?

நான் செய்த தப்பிலிருந்து தொடங்குங்கள். படிக்கும் காலத்தில் பிரஷர் குக்கரை நாயகனாக வைத்து ஒரு படம் செய்தேன். மூடியில் இரண்டு பெரிய கண், அதன் கீழே சிரிக்கும் வாய், கைப்பிடியையே கையாக ஆட்டும். மூன்று வாரம் வரைந்ததைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கேட்டார்: “ஏம்ப்பா, இதுக்கு விசில் இருக்கே, வாய் எதுக்கு?”

அவ்வளவுதான், மூன்று வாரமும் போச்சு. ஆனால் அந்தக் கேள்வி சரி. குக்கருக்கு ஏற்கெனவே ஒரு சுபாவம் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது, தாங்க முடியாத இடத்தில் கத்தும், கத்தியதும் அடங்கும். இப்படி ஒரு ஆளை நம் எல்லாருக்கும் தெரியும். கண்ணும் வாயும் வரைந்ததால் அந்த ஆளை நானே மறைத்துவிட்டேன்.

ஆகவே, பொருளைக் கையில் எடுத்துப் பத்து நிமிடம் திருப்பிப் பாருங்கள். எங்கே மடங்கும், எது கழலும், எந்தப் பக்கம் கனம், எதற்குப் பயப்படும் என்று எழுதுங்கள். குடை காற்றுக்குப் பயப்படும். மெழுகுவர்த்திக்குத் தன் வேலையே பயம். கண் வரைய ஆசை வந்தால் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். அதற்குள் தேவையில்லாமல் போயிருக்கும். நீளம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். லக்ஸோ சோதனைகளை லாசெட்டர் பிரஸ்ஸல்ஸில் ஒரு விழாவில் காட்டியபோது ராவுல் செர்வே என்ற பெல்ஜிய இயக்குநர் கதை என்ன என்று கேட்டாராம். மிகச் சின்னதுதானே, இதில் கதைக்கு இடம் எங்கே என்று இவர் இழுத்தபோது, பத்து நொடியிலும் கதை சொல்லலாம் என்றாராம். பந்து வெடிப்பதும் குட்டி வருந்துவதும் அப்படிச் சேர்ந்தவைதான்.

படத்தை எங்கே பார்ப்பது?

2012இல் வெளிவந்த பிக்சார் குறும்படத் தொகுப்பின் இரண்டாவது பாகத்தில், லாசெட்டரின் இரண்டு மாணவர் படங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிக்சார் இயக்குநர்களான ஆண்ட்ரூ ஸ்டான்டன், பீட் டாக்டர் இருவரின் மாணவர் படங்களும் அதிலேயே இருக்கின்றன. லக்ஸோ ஜூனியர் முதல் பாகத்தில் இருக்கிறது. முதலில் ஜின் பாட்டில் விளக்கு, அதற்கப்புறம் குட்டி விளக்கு, இந்த வரிசையில் பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். குட்டி விளக்கு பந்தின் மேல் ஏறுவதற்கு முன்னால் எத்தனை பிரேம் சும்மா நிற்கிறது என்று எண்ணி வையுங்கள். அடுத்த வகுப்பில் கேட்பேன்.